கரையில் நிறுத்தப்பட்டவன்

கடற்கரை ஊரான இனயத்தில் ரேஷன் அரிசிக்காக வரிசையில் நின்றோம். அரிசி வரவில்லை; எல்லோரும் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு முன்னால் நின்ற இளம் மீன்காரி மட்டும் திட்டவில்லை.

“எனக்க மாப்பிள கை பட்டா மீனு விலகுதாம்” என்றாள் பக்கத்தில் நின்ற மூத்தவளிடம். “கரமடி வடத்த தொடப்பிடாதுன்னுட்டாவ.”

கரையில் நின்று ஊரே வடம் பிடித்து இழுக்கும் வலை அது. ஒரு வாரமாக வெறுமையாகத்தான் வந்தது.

மூத்தவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “நீரோட்டம் மாறிக் கெடக்கு, காத்து சரியில்ல, வல மடியும் பழசு. இதெல்லாம் அவியளுக்குத் தெரியாதாட்டீ?”

“தெரியாம என்னக்கா? ஆனா நீரோட்டத்தக் கொற சொன்னா, நாளைக்கு எந்தத் தைரியத்துல மடிய எறக்குவாவ? எனக்க ஆளக் கொற சொன்னா, அவரக் கரையில ஒதுக்கி நிறுத்திட்டு எறக்கலாம்லா.”

“இண்ணைக்கு அவன் இல்லாமத்தானே இழுத்தாவ? மீனு பட்டுதா?”

“இல்லக்கா.”

“அப்பம் நாளைக்கு அவனக் கூப்பிட்டிருவாவ.”

“கூப்பிடுவாவ” என்றாள். சந்தோஷமாகச் சொல்லவில்லை. “நாளைக்கு யாரக் கரையில நிறுத்துவாவளோ, அவனுக்க பெண்டாட்டிய நெனச்சாத்தான் பாவமா இருக்கு.”