உள்பையில் பதினோரு தையல்

தேநீருக்கு நன்றி ஐயா. சர்க்கரை போடலாம், இரண்டு கரண்டி. பால் இருந்தால் தாராளமாக ஊற்றச் சொல்லுங்கள். நான் எல்லாம் சாப்பிடுகிறவள்தான். நடுவில் ஒன்பது வருடம் சாப்பிடாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

மேசைமேல் இருக்கும் காகிதப் பையில் என் கணவரின் சட்டை இருக்கிறது என்று தெரிகிறது. அதைத் தைத்தவள் நான். அவருக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம். அது வெளியே தெரியாதபடி வெட்ட என் ஒருத்திக்குத்தான் தெரியும். நீங்கள் கேட்கப்போவது தோளைப் பற்றி அல்ல, உள்பையைப் பற்றி. சொல்கிறேன். மறைக்கவேண்டும் என்றால் நானே இந்தக் காவல் நிலையத்துக்கு நடந்து வந்திருக்க மாட்டேன். ஆனால் என் முறைப்படி சொல்ல விடுங்கள். அளவு எடுக்காமல் கத்தரி வைத்துப் பழக்கமில்லை.

என் கணவரை ஊரில் ‘வேண்டாம் சார்’ என்பார்கள். குடிநீர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். நாற்பத்தொன்றாம் வயதில் சர்க்கரை நோய் வந்தது. மருத்துவர் மாத்திரை கொடுத்தார், சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். இவருக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. மாமிசம், பால், சர்க்கரை மூன்றையும் ஒரே நாளில் விட்டார். எட்டு மாதத்தில் பதினான்கு கிலோ குறைந்தார். மருத்துவரே மாத்திரையை நிறுத்தினார். அந்தக் காகிதத்தை என் கண்ணால் பார்த்தேன். அதில் ஒரு பொய்யும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எப்படிக் குறைந்தது என்று நான்கு பேர் வந்து கேட்டார்கள். என் தையல் இயந்திரம் இருந்த முன்னறையிலேயே உட்காரவைத்துச் சொன்னார். நான்கு நாற்பதாயிற்று. பிறகு வாடகை மண்டபம், ஒலிபெருக்கி, ‘மூன்று வேண்டாம்’ என்று பெரிய பதாகை. எங்கள் தெருவில் யாராவது இனிப்பு வாங்கி வந்தால் எங்கள் வாசலைக் கடக்கும்போது பையை மறு கைக்கு மாற்றிக்கொள்வார்கள். இயந்திரத்தின் முன் உட்கார்ந்தபடி நான் அதைப் பார்த்துச் சிரிப்பேன்.

என்னையும் விடச் சொன்னார். "ஏங்க, எனக்குத்தான் ஒரு நோயும் இல்லையே" என்றேன்.

"நீ குடிக்கிறதப் பாத்தா எனக்கு ஆசை வரும்ல" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. சாயங்காலம் நான்கு மணிக்கு இயந்திரத்தை நிறுத்திவிட்டு, நல்ல பாலில், இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு ஒரு தேநீர் குடிப்பேன். எனக்கென்று அந்த நாளில் இருந்தது அது ஒன்றுதான். ஒன்பது வருடம் அந்த நேரத்தில் வெந்நீர் குடித்தேன். கட்டிய மனிதர் தனியாகக் கஷ்டப்படக் கூடாது என்று குடித்தேன்.

அந்த மூன்றும் உண்மையிலேயே கெடுதலா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் படித்தது எட்டாம் வகுப்பு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். அவர் ஒரு துளியே நஞ்சு என்றார். ஒரு துளியே நஞ்சு என்று சொன்னால் முந்நூறு பேர் கைதட்டுகிறார்கள். அளவாகச் சாப்பிடுங்கள் என்று சொன்னால் அதைக் கேட்க எவன் மண்டபத்துக்கு வருவான்?

என் தங்கையைப் பற்றிச் சொல்லவேண்டும். என்னைவிடப் பதினொரு வயது சின்னவள். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் நான்தான் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பினேன். பொடிசு என்று கூப்பிடுவேன். முப்பது வயதிலும் அவள் பொடிசுதான். அச்சகத்தில் பிழைதிருத்தும் வேலை பார்த்தாள். பத்தொன்பது வயதிலிருந்தே அவளுக்குச் சர்க்கரை நோய்க்கு ஊசி. பேனா மாதிரி இருக்கும், தானே வயிற்றில் போட்டுக்கொள்வாள். ஊசி போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடவில்லை என்றால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். அதற்காகக் கைப்பையில் எப்போதும் மிட்டாய் வைத்திருப்பாள். ஒன்றை வாயில் போட்டால் பத்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து கிண்டல் பேச ஆரம்பித்துவிடுவாள். "நோயும் சக்கரை, மருந்தும் சக்கரை. எங்க போய் முட்டிக்கிறது, சொல்லுக்கா."

அவள் அத்தானின் கூட்டத்துக்கு வந்தாள். "ஊசிங்கிறது ஊன்றுகோல். மூணையும் விட்டவனுக்கு ஊன்றுகோல் எதுக்கு? என்னைப் பாருங்க, ஒன்பது வருஷமா ஒரு மருந்தும் என் உடம்புக்குள்ள போனதில்ல" என்று அவர் சொன்னதைக் கேட்டாள். மூன்றையும் விட்டாள். நான்கு மாதம் கழித்து ஊசியையும் விட்டாள். மூன்றாம் நாள் வாந்தி. நச்சு வெளியேறுகிறது, நல்லதுதான் என்று அவர் தொலைபேசியில் சொன்னார். ஐந்தாம் நாள் மூச்சு வாங்கியது. அச்சகத்தில் கூட வேலை பார்ப்பவள் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். ஏழாம் நாள் காலையில் முடிந்துவிட்டது. முப்பத்தொரு வயது.

டாக்டரம்மா என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். "சாப்பாட்டக் குறைச்சது தப்பில்லம்மா. ஆனா அவங்க உடம்புல அந்த ஊசி மருந்து தானா சுரக்கவே சுரக்காது. வெளிய இருந்து குடுத்தாத்தான் உயிரு. அத நிறுத்தலாம்னு யாரு சொன்னது?"

அவர் என் பக்கத்தில்தான் நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். அன்று வீட்டுக்கு வந்த உறவுக்காரர்கள் எப்படி ஆயிற்று என்று கேட்டபோது, அவள் இன்னும் கூடத்தில் கிடக்கும்போதே, "திருட்டுத்தனமா ஏதாவது சாப்பிட்டிருப்பா" என்றார். நான் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

இனி உள்பை. நான்கு வருடத்துக்கு முன்பு, சட்டைகளில் நெஞ்சுக்கு இடப்பக்கம் உட்புறமாக இரண்டு விரல் அகலத்தில் ஒரு பை வைத்துத் தரச் சொன்னார். பேசும்போது குறிப்புச்சீட்டு வைத்துக்கொள்வதற்கு என்றார். எல்லாச் சட்டைக்கும் வைத்தேன். ஒரு மழைநாளில் அழுக்குக் கூடையில் எறும்பு சாரை பிடித்துப் போயிற்று. எங்கள் வீட்டில் எறும்புக்கு என்ன வேலை? எறும்புப்பொடி வாங்கியே பல வருடம் ஆகிறது. சட்டையை எடுத்து உதறினேன். உள்பைக்குள் மிட்டாய்த் தாள், ஒட்டிக்கொண்டு.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பள்ளிப் பிள்ளை மாதிரி ஒளித்துத் தின்கிறாரே மனிதர், ஊருக்குத்தான் உபதேசம் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு அவருடைய தோல்பையைத் திறந்து பார்த்தேன். மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் கண்ணாடி இல்லை. தங்கை வைத்திருந்ததே, அதே பேனா ஊசி இருந்தது. உட்கார்ந்துவிட்டேன். மிட்டாய் ஆசைக்கு இல்லை, சர்க்கரை இறங்கினால் ஏற்றுவதற்கு என்று புரிய எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நோய் திரும்ப வந்திருக்கிறது. வேறு ஊர் மருத்துவரிடம் போய் ஊசி வாங்கி வந்திருக்கிறார். முந்நூறு பேர் கைதட்டுகிற மனிதரால் எப்படி அதை வெளியே சொல்ல முடியும்?

வெளியே சொல்ல வேண்டாம் ஐயா. என்னிடம் சொல்லியிருக்கலாம். ஒரே பாயில் படுக்கிறவள். அவருக்காக வெந்நீர் குடித்தவள். என்னையே பை தைக்கவைத்து, அதற்குள் எனக்குத் தெரியாமல் இனிப்பு வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

தங்கை போய் ஒன்றரை மாதம் கழித்து ஒரு கூட்டம். நான் முதல் வரிசை, எப்போதும் போல. அன்று புதிதாக ஒரு கதை சொன்னார். "என் கொழுந்தியா ஒருத்தி இருந்தா. மூணையும் விட்டுட்டேன்னு சொன்னா. ஆனா நாக்கு கேக்கல. எனக்குத் தெரியாம தின்னா. உடம்புகிட்டப் பொய் சொல்ல முடியாதுங்க." மண்டபம் முழுக்க உச்சுக்கொட்டியது. பக்கத்தில் இருந்த அம்மாள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

அதற்கடுத்த கூட்டம் போன மாதம் இரண்டாம் ஞாயிறு. காலை பத்து மணிக்கு. சட்டையைத் தேய்த்துத் தாங்கியில் மாட்டினேன். அவர் உள்பையில் இரண்டு மிட்டாயைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். இரட்டை நூல் கோத்து, பையின் வாயை மூடினேன். பதினோரு தையல். அடுப்பில் தண்ணீர் கொதிப்பதற்குள் முடிந்துவிட்டது. மிட்டாய் உள்ளேயே இருந்தது. அதை எடுக்கவில்லை, நான் திருடி அல்ல.

அன்று சிறப்பு விருந்தினர் ஒரு மணி நேரம் பேசிவிட்டார். இவர் பேச எழுந்தபோதே பதினொன்றே முக்கால். ஊசி போட்டது ஒன்பதரைக்கு, கூட்டம் முடிந்த பிறகுதான் சாப்பிடுவார். கால் மணி நேரத்தில் நெற்றி வேர்த்தது. சட்டைக்குள் கையை விட்டார். துழாவினார். மிட்டாய் விரலுக்குத் தட்டுப்படுகிறது, எடுக்க முடியவில்லை. நெஞ்சில் கை வைத்து உருகிப் பேசுகிறார் என்று நினைத்து ஜனம் கைதட்டியது. பிய்க்கப் பார்த்தார். என் தையல் அவ்வளவு சீக்கிரம் பிரியாது. வாடிக்கைக்காரர்கள் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

பிறகு என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் மடியில் தங்கையின் கைப்பை இருந்தது. அவள் போன பிறகு நான்தான் அதை எடுத்துப்போகிறேன். உள்ளே அவள் வைத்த மிட்டாய்கள் ஆறு அப்படியே இருந்தன. அவர் கையில் ஒலிவாங்கி இருந்தது. எனக்குச் சர்க்கரை வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சத்தியமாக ஓடிப்போய்க் கொடுத்திருப்பேன். நான் அவருக்கு வழி இல்லாமல் பண்ணவில்லை. ஒரு வழி வைத்துத்தான் மற்றதை மூடினேன். அவர் சொல்லவில்லை. குழறிக்கொண்டே "பால்... வேண்டாம்" என்றார். அப்புறம் விழுந்தார்.

கூட்டத்திலிருந்து ஒரு நர்ஸ் ஓடிவந்தாள். "சக்கரை இறங்கின மாதிரி இருக்கு. யார்கிட்டயாவது இனிப்பு இருக்கா?" என்று கத்தினாள். முந்நூறு பேரில் ஒருவரிடமும் இல்லை. பின்கட்டில் வெள்ளரித் துண்டும் வெந்நீரும்தான் இருந்தன. "இவர் ஊசி ஏதாவது போடறாரா?" என்றாள். "ஒன்பது வருஷமா மருந்தையே தொட்டதில்ல" என்று நாலா பக்கமிருந்தும் பெருமையாகச் சொன்னார்கள். நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அப்படியென்றால் இது இதயமாகத்தான் இருக்கும் என்று சொல்லிச் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் காற்றுவரச் செய்தாள். ஆம்புலன்ஸ் வர ஐம்பது நிமிடம் ஆயிற்று. அவருக்கு நினைவு திரும்பவில்லை, மூன்றாம் நாள் போய்விட்டார். ஆம், நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். என் தங்கைக்காகச் செய்தேன். தூங்காமல் இல்லை, நன்றாகவே தூங்குகிறேன்.

என்ன ஐயா? எறும்பு வந்த தேதியா? அது எதற்கு?

மழைநாள் என்றுதான் சொன்னேனே. ஆமாம், தங்கை போனது கோடையில். இல்லை, அதற்குப் பிறகு இன்னும் மழை பெய்யவில்லை. நீங்கள் கணக்குப் போட்டது சரிதான். எறும்பு வந்தது முன்பு. அவள் போவதற்கு ஆறு மாதம் முன்பு.

அவள் ஊசியை நிறுத்துவதற்கு முதல் நாள் என்னிடம் வந்தாள். மெலிந்துபோய் உடுப்பெல்லாம் தொளதொளவென்று இருந்தது, பிடித்துத் தரச் சொன்னாள். இடுப்பில் குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன். "அக்கா, அத்தான் நெசமாவே ஊசி போடறதில்லையா?" என்று கேட்டாள். "ஊர் சொல்றத விடு. நீ சொல்லு. நீ சொன்னா நம்புறேன்."

என் வாயில் நான்கு குண்டூசி இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினேன். அடுத்த அறையில் அவரைப் பார்க்க எட்டுப் பேர் காத்திருந்தார்கள், நடுவில் வெறும் பலகைத் தடுப்புத்தான். அந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கிறவள் நான், நாளைக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு நடப்பேன்? "போடறதில்லடி, நான்தான் பாக்கறேனே" என்றேன். அவள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

ஆனால் அவளைக் கொன்றது அவர்தான் ஐயா. முதலில் அதை எழுதுங்கள். அவளுக்கு உண்மையை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், இன்று இருந்திருப்பாள். சொந்த வீட்டு ஆளே அதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டால் அந்தப் பெண் வேறு யாரைத்தான் நம்பியிருப்பாள், சொல்லுங்கள்.