ரோசி அழுத புத்தகங்கள்

கைப்பேசியில் பேட்டரி தீர்ந்துவிட்டால் பஸ்ஸில் எனக்கு அடுத்தவர் பேச்சுதான் துணை. அன்று கோல சிலாங்கூரிலிருந்து புக்கிட் பெலிம்பிங் போகும்போது, முன் இருக்கைப் பெண் தன் தோழியிடம் சொன்னாள்:

“லைப்ரரி வெப்சைட்டுல யாரோ என் அழுகையப் போட்டு வச்சிருக்காங்க லா.”

“என்னாடி சொல்ற?”

“அங்க எந்த புக்குக்கும் யார் வேணா டேக் போடலாம். ‘நல்ல புக்’, ‘எக்ஸாமுக்கு ஆகும்’னு அவங்கவங்க இஷ்டத்துக்குப் போடுவாங்க. அஞ்சாறு புக்குல ‘ரோசி அழுவா’ன்னு இருக்கு. எல்லாமே நான் அழுதுக்கிட்டே படிச்ச புக்கு.”

“வேற ரோசியா இருக்கும்.”

“அவளும் அதே புக்குக்கெல்லாம் அழுவாளா?”

“சரி, ஒன்னைய ரோசின்னு யாரு கூப்பிடுவா?”

“வேலையில எல்லாருக்கும் ரோஸ்லின். ரோசின்னு கூப்பிடுறது எங்க வீட்டுக்காரரு மட்டுந்தான்.”

“அப்ப அவருதான்.”

“அவரு புக்கே தொட மாட்டாருடி. நான் எதுக்கு அழுதேன்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

பஸ் செம்பனைத் தோட்டத்தைத் தாண்டியது. பிறகு ரோசி மெதுவாகச் சொன்னாள்:

“நான் படிக்கிறப்ப எதிர்ல போனோட உக்காந்திருப்பாரு. போனைத்தான் பார்க்கிறாருன்னு நெனச்சேன்.”