அடுப்புக்கு மேலே ஒட்டிய தாள்

— மத்த மூணு சுவரையும் உரிச்சுக்கம்மா, ஜிபார். அடுப்புக்கு மேல இருக்கிற அந்தத் தாளை மட்டும் தொடாத.

— அது இல்லாம எப்படி, பெரியப்பா? ‘மலைக் குரல்’ பத்திரிகைக்குத் தொண்ணூறு வருஷம். வரலாறு எழுதலாம்னு உக்காந்தா, ஆபீஸ்ல ஒரு பழைய இதழ்கூட இல்ல.

— எப்படி இருக்கும்? சோவியத் உடைஞ்ச வருஷம் நம்ம நாரின் ஊர்க் குளிர்ல நிலக்கரி இல்லன்னு, அங்க வேலை பாத்த உங்கப்பாதானே அத்தனையையும் அடுப்புல போட்டாரு! ‘இப்பத்தான் நம்ம பத்திரிகையில சூடு இருக்கு’ன்னு வேற சொன்னாரு.

— நக்கல் போதும். இப்ப உங்க வீட்டுச் சுவர்லதான் எங்க பத்திரிகையே மிச்சம் இருக்கு.

— குளிருக்கு ஒட்டினது. தலைவர் படம் தலைகீழா வந்துடக் கூடாதுன்னு உங்க பெரியம்மா கல்புபு பட்ட பாடு இருக்கே... டீ ஆறுது, குடி. நம்ம ஊர் வழக்கப்படி டீல உப்புப் போட்டிருக்கேன், சரியா இருக்கா?

— பெரியம்மா போடற மாதிரி இல்ல.

— அவ போனதுலேர்ந்து எனக்கு இன்னும் கை வரல.

— அந்தத் தாள்ல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். அசனக்குன்னு உங்க பேரைப் போட்டு, கம்யூனிஸ்ட் கட்சிக்காரரா இருந்துக்கிட்டே தாயார் சாவுக்கு முல்லாவைக் கூப்பிட்டாரு, தொழுகை வச்சாரு, பிற்போக்குவாதின்னு. எழுதினது எங்கப்பா. அதை மறைச்சுட்டு நான் என்ன வரலாறு எழுதறது?

— உங்கப்பாவை ஒண்ணும் சொல்லாத. என் கூடப் பிறக்கலன்னாலும், அந்தச் சாவுக்கு வாசல்லேர்ந்தே என்னைவிடச் சத்தமா அழுதுக்கிட்டு வந்தவரு. கடைசி வரிசையில நின்னு தொழுதாரு. அப்புறம் போய் எழுதினாரு. அவர் எழுதலன்னா, அவரையும் சேர்த்து வேற எவனாவது எழுதியிருப்பான்.

— உங்க வேலை போச்சே.

— போச்சு. ஆடு மேய்க்கப் போனேன். எனக்கு ஆடு பிடிக்கும், அது கட்சிக் கூட்டம் போடாது. கல்புபுதான் கொதிச்சா. ‘வர்றவன் எல்லாம் முதல்ல இதைப் படிக்கட்டும், அப்புறம் நம்ம ரொட்டியைப் பிய்க்கட்டும்’னு, விருந்தாளி கண்ணுக்கு நேரா ஒட்டினா.

— எங்கப்பாவும் படிச்சாரா?

— படிச்சாரு. ‘கோணலா ஒட்டியிருக்கியேம்மா’ன்னாரு. அவ எண்ணெயில பொரிச்ச போர்சோக்கைச் சுடச்சுட அவர் முன்னால கொட்டி, ‘தின்னுங்க’ன்னா. தலை நிமிராம தின்னாரு, பாவம்.

— சரி, உங்களுக்கு அவமானமா இருந்தா விடுங்க, உரிக்கல. போன்ல படம் எடுத்துக்கறேன். ஆமா, அதே இதழ்ல பெரியம்மா போட்டோவும் வந்துதாமே? பண்ணையில அதிகமா பால் கறந்ததுக்கு. அது எந்தச் சுவர்ல?

— அவமானமா? அதைப் பாத்துக்கிட்டேதானே தினம் சாப்பிடறேன்! மாவுப் பசை, இழுத்தா கிழிஞ்சுடும். அதான் பயம்.

— ஜன்னல் பக்கச் சுவர்ல இவ்வளவு எடுத்திருக்கேனே, ஒரு ஓரமாவது கிழிஞ்சுதா? கெட்டில் ஆவியைக் காட்டினா பசை தானா இளகிடும்.

— நிஜமாவா? அப்ப கெட்டிலைக் கொண்டா. அவ போட்டோ எங்கன்னு கேட்டியே, இதே தாள்தான், பின்பக்கம். என் பேர் வெளிய தெரியணும்னு, தன் முகத்துலயே பசையைத் தடவிச் சுவரைப் பாக்க ஒட்டிட்டா. வேற போட்டோவே அவளுக்குக் கிடையாது. மெதுவா எடு, பொண்ணே... இப்பத்தான் அவ இந்தப் பக்கம் திரும்பப் போறா.