குதிகாலில் திறக்க வேண்டிய வழி

மேடையில் வீற்றிருக்கும் நிர்வாக இயக்குநர் அவர்களே, ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர் அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் எங்கள் இழையக்காவின் கணவரே, தோழர்களே! நான் வார்ப்பு அச்சுப் பட்டறை மேஸ்திரி. மைக் பிடித்துப் பழக்கமில்லை. ஆனால் இன்றைக்குப் பேசாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

மறைந்த முனைவர் அம்மையாரை நீங்கள் விஞ்ஞானி என்றீர்கள். எங்களுக்கு அவர் இழையக்கா. உருகிய பிளாஸ்டிக்கில் பொடிப்பொடியான கண்ணாடி இழைகளைக் கலந்து அச்சுக்குள் பாய்ச்சுகிறோமே, போகிற போக்கில் அந்த இழைகள் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கும்? அதைக் கணக்குப் போட்டுச் சொன்னவர் அவர். சும்மாவா அது! இழை படுத்த வாக்கில் இழுத்தால் பொருள் தாங்கும். குறுக்கே இழுத்தால் பிளந்துவிடும்.

ஒருநாள் கேண்டீன் தொட்டியில் ஒரு பெட்டித் தீக்குச்சியைக் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார். குழாய் அடைத்துக்கொண்டது. "ஏம்மா, சாப்பிட வந்தீங்களா, என் பொழப்பைக் கெடுக்க வந்தீங்களா?" என்று சமையல்காரர் கத்தினார். "கொஞ்சம் இருங்கண்ணே! நெரிசல்ல ஒண்ணை ஒண்ணு முட்டிக்கிட்டு எவ்வளவு மெதுவா திரும்புது பாருங்க!" என்றார் இவர். அதுவரை அவருடைய கணக்கில் இழைகள் சட்டென்று திரும்பிக்கொண்டிருந்தன. அன்றே அதைத் திருத்தினார். தன் கணக்கையே நம்பாத மனுஷி! வார்த்த பொருளை அறுத்து, மெருகேற்றி, உருப்பெருக்கியில் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அப்படித்தான் நம் செயற்கைக் காலின் பாதத்தையும் அறுத்தார். இரண்டு பக்கமிருந்து வரும் பிளாஸ்டிக் ஓட்டம் கணுக்காலில் வந்து முட்டுகிறது. முட்டிய கோட்டை ஒட்டியே இழைகள் படுத்துவிடுகின்றன. கோட்டைத் தாண்டிப் போய்ப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. "மேஸ்திரி, நடக்கிற ஆளு படியில இறங்குறப்ப பட்டுன்னு போயிடும்" என்றார். பிளாஸ்டிக் உள்ளே நுழையும் அந்த இரண்டு வழியையும் அடைத்துவிட்டுக் குதிகாலில் ஒரே வழி திறக்கச் சொன்னார். நிர்வாகம் என்ன சொன்னது? சோதனையில் உடையவில்லையே என்றது! சோதனை இயந்திரம் நேராக அழுத்துகிறது. மனிதன் அப்படியா நடக்கிறான்?

புதிய வழி எவ்வளவு அகலம், எந்தச் சாய்வு? கணக்கு பாதியில் நிற்கிறது. அவருடைய கணினியைத் திறந்து பார்த்தால் எங்களில் ஒருவருக்கும் தலைகால் புரியவில்லை. யாரைக் கேட்பேன்? ஐயோ அக்கா, எங்களை இப்படி நட்டாற்றில் விட்டுவிட்டீர்களே!

ஆஸ்பத்திரியில் நெஞ்சுவலியோடு கிடந்தபோது கணவரிடம் அவர் கேட்டது இதைத்தான்: "பாதத்தை மெஷின்ல ஓட்ட ஆரம்பிச்சுட்டாங்களா?" இவர், "இல்லம்மா, நிறுத்தி வச்சிருக்காங்க" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அவர் கண்ணை மூடினார். இதோ, நாளைக் காலை உற்பத்தி தொடங்கும் என்ற அறிவிப்பு அப்போதே நம் பலகையில் ஒட்டியாகிவிட்டது; அது இவருக்கும் தெரியும். கடைசி நேரத்தில் பொய் சொல்லி அனுப்பிவிட்டேனே என்று இந்த மனிதர் சுடுகாட்டில் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இயக்குநர் அவர்களே! அச்சு என் பட்டறையில் இருக்கிறது. அதைப் பழைய வழியோடு நான் இயந்திரத்தில் ஏற்ற மாட்டேன். என் ஆட்களும் ஏற்ற மாட்டார்கள். வேலை போனால் போகட்டும்! எங்களுக்குக் கணக்குத் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, வார்த்து, அறுத்து, சரியான வழி தெரிகிறவரை பார்ப்போம். முடியுமா? சத்தியமாகத் தெரியவில்லை.

ஐயா, நீங்கள் அழாதீர்கள். அக்காவிடம் நீங்கள் பொய் சொல்லவில்லை. நிறுத்தித்தான் வைத்திருக்கிறோம்.