பனியில் வைத்துப் பார்த்த கண்ணாடி

பாவ்லா: ...கடைசியா இவ புருஷன் கேட்டது கையுறையத்தான், மாஸ்டர். ஒண்ணு இருக்கு, இன்னொண்ணு எங்கேன்னு. அடுப்பு மேல காயுதுன்னாளாம் இவ. எடுத்து மாட்டிட்டுப் போனார். அவ்வளவுதான்.

ஸ்ரெச்கோ: இவன்னா...

பாவ்லா: எனக்குத் தெரிஞ்சவ. எங்க ஊர்க்காரி. அவளுக்காகத்தான் பஸ் ஏறி வந்தேன்.

ஸ்ரெச்கோ: சரி சரி. உக்காருங்கம்மா. பூனையத் தள்ளி விடுங்க. இந்தத் துப்பாக்கி ரிப்பேர்க் கடைக்கு அதுதான் முதலாளின்னு நெனப்பு.

பாவ்லா: இருக்கட்டும், ஓரமா உக்காந்துக்கறேன்.

ஸ்ரெச்கோ: குறி பாக்கற அந்த ஸ்கோப்பைக் குடுங்க. ம்... இரும்புக் குழாய். நல்ல கனம். இப்ப வர்றதெல்லாம் அலுமினியம். இது என் கல்யாணத்துக்கு முந்தினது. விலைன்னு பாத்தா...

பாவ்லா: விலை வேண்டாம். கண்ணாடி தெளிவா, மங்கலா... அத மட்டும் சொல்லுங்க.

ஸ்ரெச்கோ: விலை கேக்காத ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன்.

பாவ்லா: அவ புருஷனைச் சுட்டது அவரோட தம்பி. பன்னி வேட்டையில, பொழுது சாயற நேரம். பன்னின்னு நெனச்சுட்டாராம். கோர்ட்டு விபத்துன்னு சொல்லி முடிச்சிடுச்சு. அங்க வாயே தெறக்காத மனுஷன், அண்ணிகிட்ட மட்டும் வந்து சொன்னார்... ஸ்கோப் மங்கிடுச்சு அண்ணின்னு. போலீஸ் துப்பாக்கியத் திருப்பிக் குடுத்ததும் இதைக் கழட்டி அவ வாசப்படியில வச்சிட்டுப் போயிட்டார்.

ஸ்ரெச்கோ: ம்.

பாவ்லா: ஞாயித்துக்கிழமை அவ புருஷனுக்கு வருஷப் பூசை. பூசை முடிஞ்சு வீட்ல சாப்பாடு. கண்ணாடி மங்கறது நெஜம்னா தம்பிக்கும் ஒரு தட்டு வைப்பா. பொய்னா... கதவே தெறக்கமாட்டா.

ஸ்ரெச்கோ: அந்தத் தட்டை என் கையில குடுத்துட்டீங்களேம்மா.

பாவ்லா: இந்தக் கோச்செவ்யே ஊர்ல வேற யாருக்கு இது தெரியும்?

ஸ்ரெச்கோ: முகஸ்துதியெல்லாம் பூனைகிட்ட வச்சுக்குங்க. விளக்கைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க... ஆங். பாத்தீங்களா, ஊதாவா ஒரு சாயல் அடிக்குது? மேல் பூச்சு. தேயவே இல்ல. சில பேர் சட்டை நுனியால தேச்சுத் தேச்சே அழிச்சிடுவான்.

பாவ்லா: அவர் தொடைக்க மான் தோல் வச்சிருக்கார்.

ஸ்ரெச்கோ: யாரு?

பாவ்லா: தம்பி. அவ... சொன்னா.

ஸ்ரெச்கோ: ம். உள்ள ரெண்டு கண்ணாடிய ஒண்ணா ஒட்டியிருப்பாங்க. பசை கெட்டா ஓரத்துல மஞ்சள் வளையம் கட்டும். கட்டல. பூசணம்னா சிலந்தி வலை மாதிரி ஓடும். அதுவும் இல்ல.

பாவ்லா: குறுக்குக் கோடு நடுவுல இல்லியே. கீழ, இடப்பக்கமா நிக்குது.

ஸ்ரெச்கோ: பழசுல அப்படித்தான். திருகைத் திருப்பினா கோடே நகரும். அவன் துப்பாக்கிக்கு ஏத்த எடத்துல நிறுத்தியிருக்கான். தெரியாதவன் கெட்டுப் போச்சுன்னு நெனச்சுப் பாதி விலைக்குக் குடுப்பான். தெரிஞ்சவன் வாயை மூடிட்டு வாங்கிக்குவான்.

பாவ்லா: நீங்க வாங்கியிருக்கீங்க.

ஸ்ரெச்கோ: வாயை மூடிட்டிருக்கேன்.

பாவ்லா: வெளிய பாத்துச் சொல்லுங்க. இருட்டிட்டு வருதே.

ஸ்ரெச்கோ: இருட்டினாத்தான் தரம் தெரியும். பட்டப்பகல்ல சோடா பாட்டில்கூட நல்லாத்தான் தெரியும். இருங்க... சர்ச் கடிகாரம். பெரிய முள்ளு தெரியுது. சின்ன முள்ளும்...

பாவ்லா: அப்போ தெளிவு.

ஸ்ரெச்கோ: அவசரப்படாதீங்க. இன்னும் ஒண்ணு பாக்கி. குழாய்க்குள்ள ஈரம் புகுந்திருந்தா சூட்டுல தெரியாது, குளிர்லதான் மங்கும். வெளிய ஜன்னல் கட்டையில, பனியில வச்சிட்டு வர்றேன். இந்த ஜன்னல் தெறக்காது, பெயின்ட் அடிச்ச புண்ணியவான் சேத்து அடிச்சிட்டான். சுத்தித்தான் போகணும்... காபிய மட்டும் பொங்காம பாத்துக்குங்க.

பாவ்லா: பொங்கிச்சு. இறக்கிட்டேன்.

ஸ்ரெச்கோ: அதுக்குள்ளயா? ஊத்துங்க, ஊத்துங்க. வால்நட் வச்சுச் சுருட்டின பொதிட்சா ரொட்டி இருக்கு, எடுத்துக்குங்க. என் தங்கச்சி சுட்டது. பல்லு பத்திரம்.

பாவ்லா: நல்லாத்தானே இருக்கு.

ஸ்ரெச்கோ: ஒரு வாரம் பழசாயிட்டா நல்லா இருக்கும். அவகிட்ட சொல்லிடாதீங்க.

பாவ்லா: மாஸ்டர்... ஸ்கோப் மங்கினா பன்னி மாதிரி தெரியுமா?

ஸ்ரெச்கோ: மங்கினா மங்கல்தான் தெரியும்.

பாவ்லா: அப்போ எதைப் பாத்துச் சுட்டார்?

ஸ்ரெச்கோ: ...சக்கரை போதுமா உங்களுக்கு?

பாவ்லா: போதும்.

ஸ்ரெச்கோ: போய் எடுத்துட்டு வந்துடறேன்.

பாவ்லா: மெதுவாப் போங்க. வாசல்ல வழுக்குது.

ஸ்ரெச்கோ: ...இந்தாங்க. நீங்களே பாருங்க.

பாவ்லா: வெள்ளையா இருக்கு. ஒண்ணுமே தெரியல.

ஸ்ரெச்கோ: அதான். உள்ள ஈரம். தம்பி சொன்னது நெஜம்தான். தட்டு வைக்கச் சொல்லுங்க அவளை.

பாவ்லா: கைக்குட்டை இருக்கா?

ஸ்ரெச்கோ: அழாதீங்கம்மா...

பாவ்லா: அழல. கண்ணாடியத் தொடைக்கணும்.

ஸ்ரெச்கோ: ஐயோ வேண்டாம், பூச்சு போயிடும்... குடுங்க இப்படி...

பாவ்லா: இந்தப் பக்கம் ஒரு தடவை. அந்தப் பக்கம் ஒரு தடவை. மறுபடி மங்கல் படியறதுக்குள்ள கடிகாரத்தைப் பாத்துட்டேன். சின்ன முள்ளும் தெரியுது. பனியில கெடந்தத அடுப்புப் பக்கம் கொண்டு வந்தா எந்தக் கண்ணாடியும் மேல மங்கும். உங்க மூக்குக் கண்ணாடியப் பாருங்க. உள்ள ஈரம் இருக்கான்னு அங்கயே, குளிர்லயே பாக்கணும். வின்கோ அப்படித்தான் பாப்பார்.

ஸ்ரெச்கோ: வின்கோ யாரு...

பாவ்லா: விடுங்க, மாஸ்டர். வின்கோ என் புருஷன்னு உங்களுக்குத் தெரியும். நீங்களும் அங்க குனிஞ்சு பாத்தீங்க. ஜன்னல் வழியாப் பாத்துட்டுத்தான் இருந்தேன். பாத்துட்டு, கொஞ்ச நேரம் சும்மா நின்னீங்க. அப்புறம்தான் எடுத்துட்டு வந்தீங்க.

ஸ்ரெச்கோ: ...தெரியாதவன் மாதிரியே பேசிட்டேனே. எதுல மாட்டினேன்?

பாவ்லா: பழைய ஸ்கோப் கொண்டு வந்தா, யாரு துப்பாக்கியில இருந்ததுன்னுதான் முதல்ல கேப்பாங்க. நீங்க கேக்கவே இல்ல.

ஸ்ரெச்கோ: அடியில இருக்கே, துப்பாக்கியில மாட்டற அந்தக் கொக்கி நான் ராவினது, பாவ்லா. உங்க கொழுந்தன் லோவ்ரோவுக்கு. நீங்க கையில வச்சுட்டுக் கதவுல நின்னப்பவே தெரிஞ்சுபோச்சு. கோவமா?

பாவ்லா: இல்ல. முதல் பனி விழுந்தன்னிக்கே என் வீட்டு ஜன்னல்ல வச்சுப் பாத்துட்டேன் நான்.

ஸ்ரெச்கோ: பாத்துட்டீங்களா! பின்ன எதுக்கும்மா இவ்வளவு தூரம்?

பாவ்லா: மங்குதுன்னு யாராவது ஒருத்தர் சொல்லணும், மாஸ்டர். எனக்கு நானே சொல்லிப் பாத்தேன், மனசுல ஒட்டல. நீங்க சொல்லிட்டீங்க. லோவ்ரோவுக்கு ஒரு தட்டு வச்சிடறேன்... அதை உறையில போட்டுக் குடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு. கண்ணாடி தெளிவாத்தான் இருக்கு.