பிரேக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்

இன்ஸ்பெக்டர் ஐயா,

யோசனை கேட்டு வருகிறவர்களை நிற்க வைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. அதனால் என் பட்டறையின் முன்னறையில் எப்போதும் நாலு பேர் உட்கார இடம் இருக்கும். அன்று சாயங்காலமும் நாலு பேர்தான் இருந்தோம். பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றிய தோல் இருக்கையில் மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர். எதிரே, அடுக்கிய டயர்களின் மேல் காலை ஆட்டிக்கொண்டு தங்கை. ஜன்னல் கட்டையில் மாப்பிள்ளையின் சிநேகிதன். எதற்கெடுத்தாலும் எஞ்சினின் வேகத்தைக் கூட்ட டர்போ வைக்கச் சொல்வான், ஆகவே எங்கள் வீட்டில் அவன் பெயரே டர்போ. மேஜைக்குப் பின்னால் என் ஸ்டூலில் நான். வாசலில் மாப்பிள்ளை புதிதாக வாங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். வாங்கினது பழசுதான், அவருக்குப் புதிது.

விபத்துக்குப் பிறகு தாங்கள் பட்டறைக்கு வந்து விசாரித்தபோது கேட்டதற்கெல்லாம் சரியாகவே பதில் சொன்னேன். கேட்காமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

இப்படிப்பட்ட வண்டியில் எதை மாற்றினால் பிரயோஜனம், எது வெறும் படாடோபம் என்று சொல்வதுதான் என் தொழில். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் எஞ்சினைத்தான் தொடச் சொல்வார்கள். நான் விடமாட்டேன். முதலில் நல்ல டயர், அடுத்து பிரேக், அதற்கப்புறம் சஸ்பென்ஷன், கடைசியில்தான் எஞ்சின். நிற்கத் தெரியாத வண்டிக்கு ஓடக் கற்றுக்கொடுக்காதே என்று சத்தம் போட்டு எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நான் 'தேறும்' என்றால் செய்வார்கள், 'தேறாது' என்றால் விட்டுவிடுவார்கள்.

மாப்பிள்ளையும் அதையேதான் சொன்னார். "மச்சான், எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க தேறும்னா தேறும்."

டர்போ பின்பக்கம் பெரிதாக ஒரு இறக்கை வைக்கலாம் என்றான். துணி காயப்போட வசதியாக இருக்கும் என்றாள் தங்கை. எல்லாரும் சிரித்தோம். நானும்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள், பேச்சோடு பேச்சாக, மாப்பிள்ளைக்கு வேலை மாற்றல் ஆகிவிட்டது, அடுத்த மாதம் கிளம்புகிறோம் என்றாள். தூரத்து நகரம். விமானத்தில்தான் போக வேண்டும். என் முகத்தைப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது. "அதுக்கென்னண்ணா, நீ அப்பப்ப வந்துட்டுப் போ," என்றாள்.

வந்துட்டுப் போ. விருந்தாளியிடம் சொல்கிற வார்த்தை அது. அம்மா இறந்தபோது அவளுக்குத் தானாகத் தலை வாரிக்கொள்ளத் தெரியாது. சிக்கெடுத்துப் பின்னிவிட நான்தான் கற்றுக்கொண்டேன். விரலில் கிரீஸ் இருக்கிறது என்று திட்டிக்கொண்டே பள்ளிக்கூடம் போவாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை; அதற்கென்று ஒரு வேளை வரவில்லை, அவ்வளவுதான். இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த வார்த்தை எங்கே போய் விழுந்தது என்பது தங்களுக்குப் புரிய வேண்டும், அதற்காக எழுதுகிறேன்.

அதைக் கேட்டதும் நான் மாப்பிள்ளை பக்கம் திரும்பி, எஞ்சினில் தொடங்கலாம் என்றேன்.

டர்போ கைதட்டினான். தங்கை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த காலை நிறுத்தினாள். பட்டறையில் வளர்ந்தவள் இல்லையா. "ஊருக்கெல்லாம் பிரேக்கைப் பாரு, பிரேக்கைப் பாருன்னு உயிரை வாங்குவியே. இவருக்கு மட்டும் என்ன புதுச் சட்டம்?"

"இந்த வண்டிக்கு இருக்கிறதே தாராளம். பிரேக்கைப் பிறகு பார்த்துக்கலாம்," என்றேன்.

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்பது அவளுக்குச் சின்ன வயதுப் பழக்கம்.

தங்கள் ஆட்கள் வண்டியைப் பிரித்துப் பார்த்தார்கள். கழன்ற போல்ட் இல்லை, அறுந்த குழாய் இல்லை, நாசவேலை எதுவும் இல்லை என்று எழுதினார்கள். உண்மை. என் கையால் எதையும் கெடுக்கவில்லை. எஞ்சினின் பலத்தை நன்றாகவே ஏற்றினேன். அதைவிடச் சுத்தமான வேலை நான் செய்ததில்லை. பிரேக் ஆயில் பழசாகி நீர் கோத்திருந்தது. அதை அப்படியே விட்டேன். தேய்ந்த பிரேக் கட்டைகளையும் விட்டேன். ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. மலைப்பாதையில் வேகமாக இறங்கி, வளைவுக்கு வளைவு மிதித்தால் சூட்டில் அந்த ஆயில் கொதித்துவிடும். அப்புறம் காலை வைத்தால் பஞ்சில் வைத்தது போல இருக்கும், வண்டி நிற்காது.

மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைதோறும் மலைப்பாதைக்குத்தான் போவார். தனியாகப் போவார். தங்கைக்கு வளைவுகள் ஒத்துக்கொள்ளாது, வாந்தி எடுப்பாள். ஒரு கால் முறியும், படுக்கையில் கிடப்பார், வேலை மாற்றல் தள்ளிப்போகும் அல்லது நின்றே போகும். மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. இரண்டு பேரையும் அங்கே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவுதான் என் கணக்கு. யாரும் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

அந்த ஞாயிறு காலை அவர்கள் பட்டறை வழியாக வந்து நின்றார்கள். அவளும் இருந்தாள். ஊரை விட்டுப் போகிறோமே, மலையை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தோன்றியதாம். வாந்திக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள். இறங்கி வந்து தண்ணீர் குடித்தாள். என்னிடம் மூட்டை கட்டுகிற கஷ்டத்தையெல்லாம் சொன்னாள். எந்தப் பாத்திரத்தை எனக்கு விட்டுப்போவது என்று கேட்டாள்.

அவளோடு போனால் மாப்பிள்ளை நிதானமாக ஓட்டுவார் என்று நினைத்தேன். இதுவரை எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எழுதும்போதுதான் தெரிகிறது, அப்படி ஒன்றும் நினைக்கவில்லை. போகாதே என்றால் ஏன் என்று கேட்பாள், அதற்கு என்னிடம் பதில் இல்லை. சும்மா நின்றேன். அவள் ஏறி உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பு வெளியே தொங்கியது. அதை எடுத்து மடியில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தியது நான்தான்.

மாப்பிள்ளை பிழைத்துக்கொண்டார். கால் முறிந்தது, நான் நினைத்த மாதிரியே. வேகமாக ஓட்டித் தன் மனைவியைத் தானே கொன்றதாக எல்லாரிடமும் சொல்கிறார். தங்களிடமும் சொல்லியிருக்கிறார். கோர்ட்டிலும் அதையே சொல்லப்போகிறாராம், வக்கீல் வேண்டாமாம். சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு, "நான்தான் மச்சான், நான்தான்," என்கிறார். நான் குழம்பை ஊற்றி, சாப்பிடுங்க மாப்பிள்ளை என்கிறேன். வேறு என்ன சொல்வது.

ஆகவே இதை எழுதுகிறேன். குற்றம் அவருடையது அல்ல, என்னுடையது. அவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டாம். யோசனை சொன்னதற்காக என் மீதும் வழக்கு நிற்காது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவருக்கு என்னை விட்டால் யாரும் இல்லை. இந்தக் கடிதத்தை அவரிடம் காட்ட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், மனசு உடைந்துபோவார். இப்போதுதான் மாடி அறை பழகியிருக்கிறது. வேலையையும் விட்டுவிட்டார். கிளம்புகிற பேச்சே இல்லை.

இதை மடித்து உறையில் போட்டு ஒட்டப்போகிறேன். கொஞ்சம் நடந்தால் காலுக்கு நல்லது என்று டாக்டர் சொல்லியிருப்பதால், மாப்பிள்ளைதான் கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போடுவார். செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். யாருக்கு, என்ன என்று கேட்கமாட்டார்; நான் கொடுத்தால் சரியாக இருக்கும் என்று அவரும் பழகிவிட்டார்.