பேச்சுக்குச் சொன்னது

"...தேர்தல்ல என்னை எதிர்த்து நிக்கட்டும் தம்பி, வேணாங்கல. பதினாறு வருஷமா வடக்கு டகோட்டா சட்டசபையில ஒக்காந்திருக்கேன், எத்தனை பேரைப் பாத்தாச்சு. ஆனா ஒரு ராணுவ வக்கீலா? லீவு முடிஞ்சு லேட்டா வந்த சிப்பாய்க்கு வாதாடின அம்மாவுக்கும் அரசியலுக்கும் என்ன சம்பந்தம்? நீங்க டயரை மாட்டுங்க, நான் பாட்டுக்குப் பேசறேன்."

லைல் நார்டால் ஒரு வீட்டின் கேரேஜ் வாசலில் நின்று தேர்தல் துண்டறிக்கையை நீட்டினார். பனிக்கால டயரை உருட்டிக்கொண்டிருந்த, அங்கே குடியிருக்கும் குர்ட்டுக்குக் கை ஒழியவில்லை.

"என்னை எதிர்த்து நிக்கற அந்த மேஜர் புரூயிட்டம்மா பேசறதைக் கேட்டிருக்கீங்களா? ரோடு போடுவீங்களான்னு கேட்டா, 'அது மாநிலத்தோட வேலையில்ல, கவுன்டி நிர்வாகத்தோட வேலை'ங்கறாங்க. இப்படியா ஓட்டுக் கேப்பாங்க? நான் பதினாறு வருஷமா அதே ரோட்டைப் போடறேன் போடறேன்னு எவ்வளவு மரியாதையாச் சொல்லிட்டிருக்கேன்... ஆனா ஜனங்க அவங்களைத்தான் நம்பறாங்க. இந்தத் தெரு கைவிட்டா என் பதவியே போச்சு தம்பி.

"என்ன... அவங்களை யாரு கெளப்பி விட்டதா? அது வந்து... போன வருஷம் சர்ச் விருந்துல, மீனு பரிமாறற நேரம் பாத்து ஒரு மசோதாவைக் கொண்டாந்து நீட்டினாங்க. பட்டாளத்துக்காரங்க வீட்டுக்காரிங்க வேற மாநிலத்துல வாங்கின தொழில் லைசென்ஸ் இங்கயும் செல்லணுமாம். நானும் ஒரு தமாசுக்கு, எல்லார் முன்னாடியும், 'அவ்வளவு அக்கறைன்னா நீங்களே நின்னு ஜெயிச்சுக் கொண்டாங்க'ன்னேன். பட்டாளத்துல இருக்கறவங்க தேர்தல்ல நிக்கக் கூடாது, தெரிஞ்சுதானே சொன்னேன். அந்தம்மா 'சரிங்க சார்'னாங்க. ஓய்வு வாங்கிட்டு வந்து நிக்கறாங்க. பேச்சுக்குச் சொன்னதை இப்படியா எடுத்துக்கறது?"

குர்ட் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அதை விடுங்க. வீட்டுல உங்க சம்சாரம் என்ன பண்றாங்க?... நர்ஸா? எந்த ஆஸ்பத்திரி?... கடையில பில் போடறாங்களா. நர்ஸுக்குப் படிச்சுட்டு ஏன்... ஓ. லைசென்ஸ் டெக்சாஸுதா. அப்ப நீங்களும் பட்டாளமா தம்பி?"

குர்ட் சுவரிலிருந்த பொத்தானை அழுத்தினார். கேரேஜ் கதவு மேலிருந்து இறங்கத் தொடங்கியது. கதவுக்கடியில் குர்ட்டைப் பார்த்துப் பேச நார்டால் முதலில் தலையைத் தாழ்த்தினார். பிறகு இடுப்பை வளைத்தார். இறுதியில் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினார்.

"அந்த மசோதாவை நானே கொண்டாறேன் தம்பி... அந்தம்மா எழுதினதை அப்படியே, ஒரு எழுத்து மாத்தாம... தம்பி..."

கதவு தரையைத் தொட்டது. நார்டால் முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு திரும்பினார். எதிர்வீட்டுக் கேரேஜ் கதவும் இறங்கிக்கொண்டிருந்தது.